ஆட்டம் முடிந்த பிறகு கேட்டரிங்: மலையில் தொழில் தொடங்க நினைக்கும் வீரருக்கு

ரக்பி ஆடுகிறவருக்கு 30, 32 வயதில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கழுத்து, தோள், முட்டி என்று ஏதாவது ஒன்று முதலில் கைவிடும், டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இனி வேண்டாம் என்பார், அத்தோடு சரி. ஆனால் சம்பாதிக்க வேண்டிய வருஷங்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கிடைக்காதவர்களில் கேட்டரிங் பக்கம் வர நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், ஏனென்றால் குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வருஷமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நாட்டுக்காகவே ஆடியிருந்தாலும் சரி, மாநில அணியோடு நின்றிருந்தாலும் சரி, நீலகிரியில் இருந்துகொண்டு இதைத் தொடங்க நினைக்கிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். கல்யாண ஆர்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் இரண்டு வருஷம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் சமைத்துப் போடுங்கள். ஏன், எப்படி என்பதுதான் இதில் இருக்கிறது.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள்

ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில்தான் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டமானது. அதுவரை இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ ஆடினவரும் திங்கட்கிழமை காலையில் சுரங்கத்துக்கோ பண்ணைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் ஆட்டத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்வி அவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்த தலைமுறைக்குத்தான் அது திடீரென்று வந்து நிற்கிறது.

2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்த பில் விக்கரி கழுத்துக் காயத்தால் 2010-ல் ஓய்வு பெற்றார், அடுத்த வருஷமே இங்கிலாந்தில் பிரபலங்களுக்கான மாஸ்டர்செஃப் சமையல் போட்டியில் ஜெயித்தார். இத்தாலிக்கு ஆடிய மார்ட்டின் காஸ்ட்ரோஜியோவானியும் அயர்லாந்துக்கு ஆடிய ஜார்டன் மர்ஃபியும் சேர்ந்து லெஸ்டரில் உணவகம் நடத்தினார்கள். இரண்டு பேருமே லெஸ்டர் டைகர்ஸ் கிளப்புக்கு ஆடினவர்கள், அந்த ஊர்த் தெருவில் நடந்தால் அடையாளம் கண்டு கைகொடுக்க ஆள் இருந்திருக்கும். இதில் கவனிக்க வேண்டியது அந்த ஊரைத்தான். தங்களை யாருக்குத் தெரியுமோ அவர்கள் இருக்கிற ஊரில் கடை போட்டார்கள்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். ஊட்டியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற அப்பாவுக்கு நீங்கள் இந்திய ஜெர்சி போட்டவர் என்பது ஒரு பொருட்டே இல்லை, சாம்பார் எப்படி இருக்கும் என்பதுதான் அவர் கவலை. உங்களை யார் என்று தெரிந்தவர்கள் வேறு: பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்கள், கோச்சுகள், வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் ஆடிய பழைய ஆட்கள், ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களில் கால்பந்து, கிரிக்கெட் போட்டி நடத்துகிற இளைஞர்கள். உங்கள் பெயர் செல்லுபடியாகிற இடம் அதுதான், அதுவும் முதல் ஆர்டர் வரைக்கும்தான். இரண்டாவது ஆர்டரைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

ரக்பிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கல்கத்தா கோப்பை கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1873-ல் தொடங்கிய கல்கத்தா ஃபுட்பால் கிளப், முதல் வருஷம் இலவச பார் இருந்தவரை ஜேஜே என்று ஓடியது. அதை நிறுத்தியதும் உறுப்பினர்கள் குறைந்தார்கள், போலோவும் டென்னிஸும் மீதிப் பேரை இழுத்துக்கொண்டன. 1878-ல் கிளப்பைக் கலைத்து, பாங்கில் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி, நாகம் மூன்று கைப்பிடியாகவும் யானை மூடியிலும் வரும்படி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் அதற்காகத்தான் மோதுகின்றன. விளையாட்டுக் கூட்டத்தைச் சேர்த்துவைப்பதில் பந்திக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆர்டர்: பயிற்சி முகாம்

கீழே வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சிக்கு மலையேறி வருகிற அணிகள் உண்டு. ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், ஓடுகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் லாட்ஜில் தங்கி, ஹோட்டலில் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டுக் காலையில் ஓட முடியாமல் தவிப்பதை நீங்களே ஒரு காலத்தில் அனுபவித்திருப்பீர்கள். 30 பேர், ஐந்து நாள், நாளுக்கு நான்கு வேளை. தொடங்க இந்த அளவு போதும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். கல்யாணச் சாப்பாட்டில் 1 கிலோ அரிசி எட்டுப் பேரிலிருந்து பத்துப் பேருக்கு வரும், ஆட்டக்காரர்களுக்கு ஐந்து பேருக்கு மேல் வராது. 30 பேருக்கு மதியம் 6 கிலோ வடியுங்கள், மலைக்குளிரில் அதுவும் காலியாகும். கடினமாகப் பயிற்சி எடுக்கிற வீரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6-லிருந்து 2 கிராம் வரை புரதம் தேவை, அதாவது 90 கிலோ ஆளுக்கு நாளைக்கு 145-லிருந்து 180 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். காலையில் ஆளுக்கு மூன்று முட்டை வைத்தால் 90 முட்டை, மூன்று தட்டு. மதியம் எலும்போடு கோழி ஆளுக்கு 300 கிராம் என்றால் 9 கிலோ. மீதியைப் பருப்பு, தயிர், பால், சுண்டல், பட்டாணி பார்த்துக்கொள்ளும். சைவக்காரர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பனீரும் சோயாவும் தனியாக. சைவத்துக்கு வெறும் உருளைக்கிழங்கு வறுவலை வைத்து ஒப்பேற்றுகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

எப்போது போடுவது என்பதுதான் உங்கள் பலம், சாதாரணக் கேட்டரிங்காரருக்கு இது தெரியாது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, சாதம், ரசம், அவித்த கோழி என்று எண்ணெய் குறைந்த சாப்பாடு. பூரி, வடை, பிரியாணி கிட்டவே வரக்கூடாது. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சாதமும் முட்டையும் கோழியும் தட்டில் இருக்க வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டி என்றால் கதையே வேறு: பாதிக்கு 7 நிமிஷம்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும், நடுவில் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோதான் இடைவெளி. அந்த இடைவெளியில் வாழைப்பழம், ஜாம் தடவிய ரொட்டி, உப்புப் போட்ட ராகிக் கஞ்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு இப்படிச் சின்னச் சின்னதாக. பிரியாணி கடைசி ஆட்டத்துக்குப் பிறகு, அப்போது வயிறு நிறையப் போடுங்கள். 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்ததே, சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்தார்களே, அதுவும் இந்த ஏழு பேர் ஆட்டம்தான். அதற்குப் பிறகு நம் பக்கப் பையன்களும் ரக்பி பற்றி விசாரிக்கிறார்கள்.

குளிரில் யாருக்கும் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க மாட்டார்கள், மாலையில் தலைவலி என்று படுப்பார்கள். வெந்நீரும் சுக்குமல்லிக் காபியும் மைதானத்து ஓரத்திலேயே கேனில் இருக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புரதப் பொடி, சத்து மாவு, லேகியம் எதையும் நீங்களாகச் சாப்பாட்டில் கலக்காதீர்கள், கோச் கேட்டாலும் கலக்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் ஒரு பையன் மாட்டினால், எது எப்படி உடம்புக்குள் போனது என்று பார்க்காமல் அவன் தலையில்தான் முதலில் விடியும். நீங்கள் வாங்குவது அரிசி, பருப்பு, காய், முட்டை, கறி, பால் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருக்கட்டும். வாங்கிய பில்லை முகாம் முடிந்தும் கொஞ்ச நாள் பத்திரமாக வையுங்கள்.

மலை அடுப்பின் குணம்

கோயம்புத்தூரில் வேலை கற்றுக்கொண்டு மேலே வருகிற சமையல் மாஸ்டர்கள் முதல் வாரம் தடுமாறுவது இங்கேதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குபுகுபுவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. துவரம்பருப்பைக் குக்கரில்தான் போட வேண்டும், கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் முந்தின நாள் மதியமே ஊற வேண்டும், தேக்சாவில் வடிக்கிற சாதத்துக்குக் கூடுதல் நேரமும் கொஞ்சம் கூடுதல் தண்ணீரும் வேண்டும். குன்னூர் இதைவிட இறக்கம் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அங்கே பழகிய நேரத்தை ஊட்டிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

இட்லி மாவு டிசம்பரிலும் ஜனவரியிலும் ஒரு ராத்திரியில் புளிக்காது. வெந்தயம் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் அரைத்து, அடுப்படியிலேயே சாக்கோ கம்பளியோ சுற்றி வைத்தாலும் சில நாள் பழிவாங்கும். அதனால் நாளைக் காலை இட்லி என்று மெனுவில் எழுதினால் பக்கத்தில் ரவா கிச்சடியோ சேமியாவோ மாற்றாக உங்கள் மனசில் இருக்க வேண்டும்.

கேஸ் அடுத்தது. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது ஆவியாகி வெளியே வருவதற்குச் சுற்றிலும் உள்ள சூட்டை இழுக்கிறது. உறைபனிக் காலையில் இழுக்கச் சூடே இருக்காது, பெரிய பர்னரைத் திருப்பினால் பத்து நிமிஷத்தில் சிலிண்டர் வெளியே பனி பூத்துத் தீ சுருங்கும், பாதி கேஸ் உள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று 19 கிலோ சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் இழுப்பு குறையும், தீ நிற்கும். இணைப்பைக் கேஸ் ஏஜென்சி ஆளை வைத்தே செய்யுங்கள். சிலிண்டர் பக்கத்தில் கரி மூட்டிச் சூடு காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புங்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரைக் கொண்டுவந்து எரிப்பது சட்டப்படியும் குற்றம்.

இலையில் வைத்த சாதம் இங்கே இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். ஆறின சாப்பாடு ருசிக் குறை மட்டும் கிடையாது, 60 டிகிரிக்குக் கீழே போய் மணிக்கணக்கில் நின்றால் கிருமி வளரும். குளிர்தானே, கெடாது என்று நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் பாக்ஸில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, பிறகு சாதத்தை உள்ளே அடைத்து வையுங்கள்.

காகிதங்கள்

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லாமல் ஒரு தட்டும் போடக்கூடாது. விண்ணப்பம் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில். சிறிய தொழிலுக்குப் பதிவு, வளர்ந்தால் லைசென்ஸ். ஆட்களுக்கு மருத்துவச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இரண்டும் கோப்பில் இருக்கட்டும், பள்ளிகளும் ராணுவ இடங்களும் முதலில் கேட்பது இதைத்தான். சேவைத் தொழில் என்பதால் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

நீலகிரிக்கென்று இருக்கிற விதிகள் தனி. தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் பூசின தட்டு, கப் எல்லாம் தடை. சோதனைச் சாவடியிலேயே பிடுங்குவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் தட்டும் டம்ளரும்தான் வழி, கழுவ ஆளும் வெந்நீரும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ். 2025 கோடைக்கு நாள் ஒன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வாடகைப் பாத்திரமும் சர்வீஸ் பையன்களும் மே மாதச் சனிக்கிழமை காலையில் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் மதியப் பந்தி மாலையில்தான் நடக்கும். டி.என்.43 என்ற நீலகிரிப் பதிவு எண் வண்டி வைத்திருக்கிறவரை முன்பே பேசிவையுங்கள், முந்தின ராத்திரியே சாமானை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஆட்கள்

கேப்டனாக இருந்தவருக்குச் சமையல்கட்டில் வருகிற முதல் சங்கடம் அதட்டல். மைதானத்தில் கத்தினால் ஆள் ஓடும். மாஸ்டரைக் கத்தினால் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார், அவருக்கு நாளைக்கே வேறு இடத்தில் வேலை இருக்கிறது. வயதில் மூத்தவராக இருந்தால் "அண்ணே, இதுக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டலாம்?" என்று கேளுங்கள், அவர் சொல்வதற்கு அரை மணி முன்னால் நீங்கள் அங்கே இருங்கள். காய் நறுக்குகிற, பாத்திரம் கழுவுகிற அக்காக்கள்தான் மீதம் என்ன, விரயம் என்ன என்பதைச் சரியாகச் சொல்வார்கள். அவர்களை அதிகாலைக் குளிரில் வரவழைத்தால் வண்டி அனுப்புவது உங்கள் பொறுப்பு. பனிமூட்டத்தில் காட்டெருமை நிற்கிற ரோட்டில் நடந்து வரச் சொல்லக்கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து எங்கே விட்டோம் என்று பேசுவீர்கள் இல்லையா, அதை ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் செய்யுங்கள். எந்தத் தேக்சாவில் எவ்வளவு மிஞ்சியது, எது முதலில் தீர்ந்தது, எத்தனை மணிக்கு முதல் தட்டு போனது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். கேட்டரிங்கில் லாபம் ரேட்டை ஏற்றுவதில் வருவதைவிட மிச்சத்தைக் குறைப்பதில்தான் அதிகம் வருகிறது, பத்து முகாம் முடிந்ததும் அந்த நோட்டு உங்களுக்கே உரிய ஒரு கணக்குப் புத்தகமாக இருக்கும்.

பழைய அணி நண்பர்களை வேலைக்குச் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் பரிமாறவும் வண்டி ஓட்டவும் சேருங்கள், பங்குதாரராக முதல் நாளே சேர்க்காதீர்கள்.

உங்கள் உடம்பையும் பார்க்க வேண்டும். ஈரச் சிமெண்ட் தரையில் பதினாலு மணி நேரம் நிற்பதை ஆபரேஷன் செய்த முட்டி மன்னிக்காது, வழுக்காத ரப்பர் ஷூ வாங்குங்கள். பழைய பலத்தைக் காட்டி அண்டாவைத் தனியாகத் தூக்காதீர்கள், கம்பு கோத்து இரண்டு பேர் தூக்கட்டும். ஆடின காலத்துச் சாப்பாட்டு அளவை ஆடாத காலத்திலும் தொடர்ந்தால் ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும், அதுவும் நாள் முழுக்க அடுப்படியில் ருசி பார்க்கிறவருக்கு.

பணம், அப்புறம் கல்யாணம்

ஓய்வுப் பணமோ பரிசுப் பணமோ கையில் இருந்தால் உடனே பெரிய கிச்சன் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். பாத்திரம் வாடகை, வண்டி வாடகை, சமையலுக்கு ஒரு பழைய மண்டபத்து அடுப்படி வாடகை. சொந்தமாக வாங்க வேண்டியவை நல்ல கத்திகள், பெரிய குக்கர்கள், ஹாட் பாக்ஸ், தெர்மாமீட்டர், தராசு. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓட்டம், செப்டம்பர் அக்டோபரில் இரண்டாவது சீசன், நடுவில் மழை. மழை மாதங்களில் ஹாஸ்டல், எஸ்டேட் ஆபீஸ் டிபன் என்று சின்னதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்கலாம், அவர் கீழே இறங்கிப் போக மாட்டார்.

கல்யாணம் இதற்கெல்லாம் பிறகு. அங்கே இலைக்கு இவ்வளவு என்று பேச்சு, மாஸ்டர் லிஸ்ட் போட்டுத் தருவார், சாமான் அவர்களே வாங்கித் தருகிறார்களா நீங்கள் வாங்குகிறீர்களா என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். முகூர்த்த நாள் ஒன்றுக்கு ஒரு கல்யாணம் மட்டும் எடுங்கள். படுகர் ஊர்களில் விசேஷம் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, உருளைக்கிழங்கும் அவரையும் கீரையும் அவர்கள் வீட்டுப் பெண்கள் சமைக்கிற பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், ஹோட்டல் குருமாவை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கடைசியாகப் பில். நிறுவனங்கள் பணம் கொடுக்கும், ஆனால் தாமதமாகக் கொடுக்கும், இரண்டு மாதம் தள்ளினாலும் மளிகைக் கடைக்கும் ஆட்களுக்கும் கொடுக்கக் கையில் இருப்பு வேண்டும். போட்டி நடத்துகிற கமிட்டி என்றால் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் அரிசி ஊறப்போடாதீர்கள், அவர்கள் உங்கள் கூட ஆடினவர்களாகவே இருந்தாலும். யார் பொறுப்பு என்று ஒரே ஒருவர் பெயரை எழுதி வாங்குங்கள், ஐந்து பேர் ஐந்து விதமாகச் சாப்பாடு சொல்வார்கள். சாப்பாட்டுக்கு டோக்கன் அச்சடித்துக் கொடுங்கள், தட்டு வாங்கும்போது டோக்கன் பெட்டியில் விழ வேண்டும், அன்றன்றைக்கு மாலை அந்தப் பொறுப்பாளரை வைத்துக்கொண்டே எண்ணி, எத்தனை காலை, எத்தனை மதியம், எத்தனை ராத்திரி என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.